கதைக்கு ஊர் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, ஆச்சிமார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

கதை சொல்லும் கலையை வாழவைப்பது வீட்டு முற்றமா, ஊர்த் திருவிழாவா என்பது தலைப்பு. ஊர்த் திருவிழாவே என்று பேச வந்திருக்கிறேன். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, இனி ஆண்டுக்கு ஒருமுறை கதை சொல்வதற்கென்றே ஒரு நகர விழா எடுத்தால் என்ன என்று பேச்சு கிளம்பியது, அதை ஒட்டித்தான் இந்தத் தலைப்பும் வந்தது. எதிரணித் தலைவர் சொன்னதைக் கேட்டீர்கள். கதை என்பது அப்பத்தா மடியில் கிடந்து கேட்பது, அதை மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் செத்துப்போகும், பொன்னாடையும் ஃப்ளெக்ஸும் வந்த இடத்தில் கதை தங்காது என்றார். பொன்னாடை பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். மற்றதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்பத்தா மடி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, எந்த ஊர்த் தெருவிலும் நடந்து பாருங்கள். தெரு முழுக்க வீடு, வீடு முழுக்கப் பூட்டு. ஒரு வளவுக்கு, அதாவது முற்றம் வைத்த பெரிய வீட்டுக்கு, முப்பது நாற்பது பங்காளிகள், ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் அமெரிக்காவில். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால் கதவு திறக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கழுவிவிடுவார்கள், இரண்டு நாள் வீடு கலகலவென்று இருக்கும், மூன்றாம் நாள் காலையில் மறுபடி பூட்டு. வீடுதான் கதையைக் காப்பாற்றும் என்கிற எதிரணி, வீட்டைக் காப்பாற்றவே ஆள் இல்லாமல் நாம் தவிப்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

சரி, வீடு நிறைய ஆள் இருந்த காலத்தையே எடுத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டுக்குள் எல்லாக் கதையும் சொல்லப்படவில்லை. நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டுக்கு மானம் உண்டு, கௌரவம் உண்டு. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த கதையை வீடு நூறு தடவை சொல்லும். தொலைத்த கதையைச் சொல்லாது. யாருக்கு யார் துரோகம் செய்தார்கள், எந்தப் பெண் எதற்காக அழுதாள், கடல் கடந்து போனவருக்கு அங்கே யார் இருந்தார்கள், இதையெல்லாம் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டின் வேலையாகவே இருந்தது. மடியில் படுத்திருக்கும் பேரனிடம் எந்த அப்பத்தாவும் முழுக் கதையையும் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவனைத் தூங்கவைக்க வேண்டும்.

எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், மார்ச் மாதத்துக்குள் ரங்கூன் விழுந்துவிட்டது, கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். எங்களிடம் ஐயா சொன்னதெல்லாம் யானைக் கதை மட்டும்தான். காட்டில் யானை எப்படி நின்றது, எப்படி மரத்தைச் சாய்த்தது, இவ்வளவுதான். ஒருநாள் அரியக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், எங்களுக்கு உறவும் இல்லை பழக்கமும் இல்லை, அவரும் அதே பாதையில் நடந்தவராம். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து இருட்டும் வரைக்கும் பேசினார்கள். வழியில் காலரா வந்ததையும், தன் தம்பியை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு நடக்க வேண்டி வந்ததையும் அன்றைக்குத்தான் ஐயா வாய்விட்டுச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கே அப்படி ஒரு சித்தப்பா இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். அவ்வளவு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களால் கேட்க முடியாததை, யாரோ ஒரு வெளியூர்க்காரர் கேட்டு வாங்கிவிட்டார். தெரியாத ஆள் முன்னால்தான் சில கதைகள் வெளியே வரும். அந்தத் தெரியாத ஆளை உங்கள் வீட்டு முற்றம் எங்கிருந்து கொண்டுவரும்? ஊர் கூடினால்தான் அவர் வருவார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா தாலாட்டைச் சொன்னார்கள், அழகாகவும் பாடினார்கள். நான் ஒப்பாரியைச் சொல்கிறேன். நம் பக்கத்து ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வெறும் அழுகையாக இருக்காது. செத்தவர் எந்த ஊரில் பிறந்தார், எப்படி வாக்கப்பட்டார், மாமியார் வீட்டில் என்ன பட்டார், எந்தக் கொள்முதலில் நொடித்தார், எந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டது, எந்தப் பிள்ளை பார்க்கவில்லை என்று ஒரு வாழ்க்கைக் கதையையே பெண்கள் பாடி முடித்துவிடுவார்கள். அதை யார் முன்னால் பாடுகிறார்கள்? ஊர் முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும்போது. அடுத்தவர் வீட்டுப் பெண்கள் கை கோத்து எடுத்துப் பாடும்போது. ஒரு பெண்ணின் கதை அவள் உயிரோடு இருந்த காலம் முழுக்க வீட்டின் உள்ளே இரண்டாங்கட்டில் அடங்கிக் கிடந்து, அவள் போன பிறகு வாசல் பக்க முகப்புக்கு வருகிறது. உயிரோடு இருக்கும்போதே, அவள் வாயாலேயே அதை ஊர் கேட்கட்டும் என்கிறோம். இதில் என்ன தப்பு?

நம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் தாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்ததாகச் சொல்லுவார்கள். அந்த ஊர்ப் பெண் கண்ணகியின் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது என்று சிலம்பே சொல்லிவிடுகிறது. அவள் பிறந்த வீடும் காக்கவில்லை, புகுந்த வீடும் காக்கவில்லை. சேரநாட்டு மலையில் வேங்கை மரத்து நிழலில் நின்றவளை முன்பின் தெரியாத குன்றக் குறவர்கள் பார்த்தார்கள், பார்த்ததை செங்குட்டுவனிடம் வந்து சொன்னார்கள், பக்கத்தில் இருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொன்னார், இளங்கோ எழுதினார். மலைவாசிகள், அரசன், புலவன், துறவி என்று அவளுக்கு ரத்த உறவே இல்லாத நாலு தரப்பார் வாய் மாறி வந்த கதை. அவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடினார்கள், அதனால் அவள் கதை நம்மிடம் இருக்கிறது.

அடுத்து, மேடை ஏறினால் கதை செத்துப்போகும் என்கிற வாதம். இதைக் காரைக்குடியில் நின்றுகொண்டு சொல்லலாமா? 1939-ல் சா. கணேசன் இந்த ஊரில் கம்பன் விழாவைத் தொடங்கினார். பங்குனியில் இங்கே நடந்து, நிறைவு நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் முடிகிற விழா. அதற்கு முன்னால் கம்பன் புலவர் வீட்டில் இருந்தான், பண்டிதர் பெட்டியில் இருந்தான். விழா வந்த பிறகுதான் கடை அடைத்துவிட்டு வந்த வியாபாரியும், பஸ் பிடித்து வந்த வாத்தியாரும், சமையலை முடித்துவிட்டு வந்த பெண்களும் உட்கார்ந்து கம்பனைக் கேட்டார்கள். இங்கே கேட்டுப் பழகி, ஊர் ஊராகக் கம்பன் கழகங்கள் வந்தன. இந்தப் பட்டிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் மேடை மேடையாகக் கொண்டுபோய் மக்களிடம் சேர்த்ததால்தான் இன்று நாம் இரண்டு அணியாகப் பிரிந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். மேடையை வேண்டாம் என்று சொல்வதற்கும் எதிரணிக்கு ஒரு மேடை வேண்டியிருக்கிறது.

நாடகத்தைப் பாருங்கள். நம் சீமையில் சாமி கும்பிடு என்றால் இரவு வள்ளி திருமணம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்துவிட்டார், அவர் எழுதிக்கொடுத்த நாடகத்தைப் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற கலைஞர்கள் இன்றைக்கும் ஆடுகிறார்கள். வள்ளியாக வருகிற அம்மாவும் நாரதராக வருகிறவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்ததே இருக்காது, அன்று மாலை சந்தித்து அன்று இரவே தர்க்கம் செய்வார்கள், எதிரில் ஊர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டும், சில இடத்தில் பதில் சொல்லும், விடிய விடிய எழுந்து போகாது. ஊர் கேட்கிற கேள்விக்கு ஏற்றபடி கதை அன்றன்றைக்குப் புதிதாகிறது, இந்த உயிர்ப்பு மேடையில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெளியூர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ஜோன்ஸ்பரோ என்று நம் தேவகோட்டையை விடச் சின்ன ஊர். 1973 அக்டோபரில் அங்கே நீதிமன்றத்துப் பக்கம் ஒரு வைக்கோல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று கதை சொன்னார்கள். கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒவ்வொரு அக்டோபரிலும் விடாமல் நடத்தினார்கள், இன்றைக்குக் கதை கேட்பதற்கென்றே நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அந்த ஊருக்கு ஆள் வருகிறது, கூடாரம் கூடாரமாகப் போட்டுச் சொல்கிறார்கள். மொரோக்கோவில் மராக்கேஷ் நகரத்துச் சதுக்கத்தில் கதைசொல்லிகளைச் சுற்றிக் கூட்டம் வட்டம் கட்டி நிற்கும், அந்தச் சதுக்கத்து மரபையே காக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வம் என்று யுனெஸ்கோ 2001-ல் அறிவித்தது. நம் சென்னையிலேயே 2013-ல் கதைசொல்லல் விழா நடத்தினார்கள். முதல் ஊரில் ஒரு வைக்கோல் வண்டி இருந்தது. நம்மிடம் வளவுகள் இருக்கின்றன.

இந்த நகரத்தில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடித்த வீட்டுத் தேக்கு நிலை, எனாமல் தூக்குவாளி, பெல்ஜியம் கண்ணாடி, பழைய படங்கள், எல்லாம் விலைக்குக் கிடக்கிறது. வாங்கிப் போகிறவர் அதை அழகாக மாட்டி வைப்பார், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தூக்குவாளி எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, யார் கல்யாணத்துக்கு வந்தது, யார் அதைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்லக்கூடிய ஒரு பாட்டி இன்னும் உயிரோடு எங்காவது இருக்கிறார். பொருளுக்குக் கடை வந்துவிட்டது, அந்தப் பாட்டி பேசுவதற்கு ஓர் இடம் வரவில்லை. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களின் பெயர் ஏறியது, பார்க்க வருகிறவர்கள் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள், தரையைப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தரைக்கல்லைக் கண்ணாடி மேல் சாயம் ஊற்றி வார்த்த ஆத்தங்குடித் தொழிலாளியிடம் ஒரு கதை கேட்டுவிட்டுப் போக வழி உண்டா? பந்திக்கு இலை போட்டுக் களைத்த சமையல்காரரிடம்? கண்டாங்கிச் சேலை நெய்தவரிடம்? வீட்டு முற்றக் கதை என்று நீங்கள் சொல்வது அந்த வீட்டுக்காரர்களின் கதை. வீட்டைக் கட்டியவர்களும் துடைத்தவர்களும் சமைத்தவர்களும் எந்த முற்றத்தில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள்? அவர்களுக்கு ஊர்தான் முற்றம்.

இப்போது பொன்னாடைக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் பயப்படுவது நியாயம். எல்இடி திரை, அரை மணி நேர வரவேற்புரை, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர், நடுவில் கதைசொல்லிக்கு ஐந்து நிமிடம், இப்படி ஒரு விழா நடந்தால் நானே எதிரணியில் போய் உட்கார்ந்துகொள்வேன். நான் கேட்பது வேறு. பூட்டிய வளவுகளில் சிலவற்றையாவது விழாவுக்காக மூன்று இரவு திறந்துவிடுங்கள், பங்காளிகள் அனுமதித்தால். ஒரு வளவில் ஐம்பது அறுபது பேருக்கு மேல் வேண்டாம், மைக் வேண்டாம், முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் சொல்பவர் உட்காரட்டும், கேட்பவர்கள் சுற்றி உட்காரட்டும். ஒரு வீட்டில் பர்மாவும் மலேயாவும் பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லட்டும். இன்னொரு வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களே கட்டிய கதையைச் சொல்லட்டும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் வழியில் கேட்ட கதைகளுக்கு ஓர் இரவு முழுக்கக் கொடுக்கலாம், அவ்வளவு இருக்கும். சா. கணேசன் விழாவைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவார் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், அந்தப் பழக்கம் ஒன்று போதும், மாலையும் சால்வையும் தேவைப்படாது. பதிவு செய்வதானால் சொல்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, ஏனென்றால் ஐயா திண்ணையில் சொன்னதைப் போன்ற கதைகள் கேமராவைப் பார்த்தால் திரும்பிப் போய்விடும்.

அப்படி ஒரு வளவில் கதை கேட்டுவிட்டுப் போகிற பையன் வீட்டில் போய் என்ன செய்வான்? அப்பத்தாவைக் கேட்பான், நம் வீட்டில் யாராவது நடந்து வந்தார்களா என்று. கேட்கத் தெரியாமல்தான் நம் வீடுகள் ஊமையாக இருக்கின்றன, கேட்கச் சொல்லிக்கொடுப்பது விழா. எதிரணி ஆசைப்படுகிற வீட்டு முற்றமும் அப்படித்தான் திரும்பக் கிடைக்கும்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதோடு ஒரு வேண்டுகோள். மார்ச் 20 உலகக் கதைசொல்லல் நாள், பங்குனி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அந்த நாளை ஒட்டியே விழாவை வைத்துக்கொள்ளலாம். வளவு கொடுக்க முடிந்தவர்கள், கதை சொல்ல ஆள் தெரிந்தவர்கள் இன்று கலைவதற்கு முன்னால் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் ஊர் பேரும் வீட்டு அடையாளமும் எழுதிவிட்டுப் போங்கள், எதிரணி நண்பர்களும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.