உங்கள் நிரலை ஏஜென்ட் பார்ப்பதில்லை: டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

வணக்கம். "நாளைக்கு சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் இருக்கா?" என்று ஒருவர் சாட்பாட்டிடம் கேட்கிறார். அதன் பின்னால் இருக்கும் ஏஜென்ட்டிடம் (தானாகவே டூல்களை அழைத்து வேலையை முடிக்கும் ஏஐ) ரயில் தேடும் டூல், அதாவது அது அழைக்கக்கூடிய ஒரு நிரல், இருக்கிறது, பழுதில்லாமல் ஓடவும் செய்கிறது. ஆனாலும் "ரயில் எதுவும் இல்லை" என்று பதில் வருகிறது. வைகையும் பாண்டியனும் தினமும் ஓடும் தடத்தில் இது எப்படி?

[திரையில்: பெயர் 'தேடு'. விளக்கம் 'ரயில் விவரங்களைத் தரும்'. உள்ளீடுகள்: புறப்படும் இடம், சேரும் இடம், தேதி.]

அந்த டூலைப் பற்றி ஏஜென்ட்டின் மூளையான மொழி மாடலுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடுகள், எந்த வடிவில் என்ற வரையறை). உள்ளே நீங்கள் எழுதிய நிரல் அதன் கண்ணில் படுவதே இல்லை. 2023 ஜூனில் ஓபன்ஏஐ, மாடல் டூல்களை அழைக்கும் வசதியான ஃபங்ஷன் காலிங்கைக் கொண்டுவந்தபோதும் இதே கதைதான், ஏஜென்ட்டுகளை டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையிலும் இதே கதைதான்.

சரி, 'புறப்படும் இடம்' என்பதில் மாடல் என்ன போடும்? வெறுமனே 'சென்னை' என்று போடலாம். சென்ட்ரலின் குறியீடான எம்ஏஎஸ் போடலாம். மதுரைக்குப் போகும் பெரும்பாலான வண்டிகளுக்கோ எழும்பூர்தான் வழக்கம், அதன் குறியீடு எம்எஸ். பதில் காலியாக வர இதுவே போதும். தேதியிலும் சிக்கல்தான்: 03-04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. மாடல் இரண்டு பழக்கத்தையும் படித்துத்தான் வளர்ந்திருக்கிறது.

இப்போது மாற்றி எழுதுவோம்.

[திரையில்: பெயர் 'ரயில்_தேடு'. விளக்கம்: 'இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட நாளில் ஓடும் ரயில்களைத் தேடும். நிலையத்தின் குறியீட்டைத் தரவும், பெயரை அல்ல. பயனர் சென்னை என்று மட்டும் சொன்னால் எம்எஸ், எம்ஏஎஸ் இரண்டிலும் தேடவும். தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், 2026-04-03 போல. டிக்கெட் உறுதியானதா என்று பார்க்க இது உதவாது, அதற்கு பிஎன்ஆர் டூலை அழைக்கவும்.']

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ஒரு டூல் எதற்கு என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள், எதற்கு இல்லை என்று எழுதுபவர்கள் குறைவு. பத்து டூல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, எதை விட வேண்டும் என்ற தகவல்தான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

பயண வகுப்பு போன்றவற்றை விளக்கத்தில் எழுதிக் கெஞ்ச வேண்டாம். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி என்று அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை ஸ்கீமாவிலேயே ஈனமாக (enum, இவற்றில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்ற பட்டியல்) கொடுத்துவிடுங்கள். (இந்த 'ஈனம்' நிரல் எழுதுபவர்களின் ஈனம், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்!)

பிழைச் செய்தியையும் மாடல்தான் படிக்கிறது. 'பிழை 400' என்று வந்தால் அது என்ன செய்யும்? அதே தவறை மறுபடி அனுப்பும். 'சென்னை என்பது நிலையக் குறியீடு அல்ல, எம்எஸ் அல்லது எம்ஏஎஸ் தரவும்' என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. ஆந்த்ரோபிக்கின் ஏஐயான கிளாடின் இணையத் தேடல் டூல் வந்த புதிதில், கிளாட் தேவையே இல்லாமல் தேடுசொல்லோடு 2025 என்று சேர்த்துத் தேடிக்கொண்டிருந்ததாக ஆந்த்ரோபிக்கே எழுதியிருக்கிறது. டூல் விளக்கத்தை மேம்படுத்தித்தான் சரிசெய்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் விளக்கத்தாலேயே சரிசெய்ய முடியாது. அவர்களுடைய கோடிங் ஏஜென்ட் வேறொரு ஃபோல்டருக்கு நகர்ந்த பிறகு, ஃபைல் எங்கே இருக்கிறது என்பதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முழுப் பாதையைத் தந்தால்தான் ஏற்பேன் என்று டூலையே மாற்றினார்கள், தவறு நின்றது. ஒரே எச்சரிக்கையை விளக்கத்தில் நாலாவது தடவை எழுதுகிறீர்கள் என்றால், மாற்ற வேண்டியது டூலைத்தான்.

அப்புறம், சோதிக்கும்போது நீங்களே அழகாக வாக்கியம் அமைத்துக் கேட்காதீர்கள். "எக்மோர்ல இருந்து நைட் வண்டி எதுனா இருக்கா" என்று கேட்டுவிட்டு லாகை, அதாவது ஏஜென்ட் செய்தவற்றின் பதிவை, திறந்து பாருங்கள்: எந்த டூலை அழைத்தது, தேதியில் எதைப் போட்டது? 'நாளைக்கு' என்றால் எந்த நாள் என்பது மாடலுக்குத் தானாகத் தெரியாது. இன்றைய தேதியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.