பார்ஜ்ல வேலைன்னு ஏஜென்ட் சொன்னா முதல்ல எதைக் கேக்கணும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி தூத்துக்குடி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "அண்ணா, என் தம்பி ஐடிஐ முடிச்ச வெல்டர், மும்பை ஹை-ல எண்ணெய் கிணறு வேலைக்கு டக்கும் பார்ஜும் ஓட்டற ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு ஏஜென்ட் சொல்றாரு, பார்ஜ்னா கப்பல் தானே, பயப்பட ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டிருக்காங்க.

சகோதரி, நான் ஆங்கர் ஹேண்ட்லிங் டக்ல, அதாவது பார்ஜோட ஆங்கரத் (நங்கூரத்த) தூக்கிப் போடற இழுவைப் படகுல, மேட்டா (கேப்டனுக்குக் கீழ இருக்கற அதிகாரியா) இருந்தவன், அதனால பூசி மெழுகாம சொல்றேன். பார்ஜ் கப்பல் இல்ல. பெரும்பாலான பார்ஜ்ல அதை ஓட்டற என்ஜின் கிடையாது. கரண்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கும், கிரேன் இருக்கும், இருநூறு முந்நூறு பேர் தங்கற ரூம், மெஸ் எல்லாம் இருக்கும், ஆனா தானா ஒரு அடி நகர முடியாது. வண்டி இருக்கு, மாடு இல்ல. அந்த மாடு தான் டக். தம்பி ஏறப்போறது பார்ஜ்ல, ஆனா அவர் உயிர் இருக்கறது பக்கத்துல நிக்கற டக்ல, இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியக் கேளுங்க.

இந்தக் கம்பெனிங்க என்ன பண்றாங்கன்னா, கடலுக்குள்ள பிளாட்ஃபார்ம் கட்டணும், பைப்லைன் போடணும், பழைய பிளாட்ஃபார்ம ரிப்பேர் பண்ணணும்னா அதுக்கு ஆளும் சாமானும் தாங்கற ஒரு தளம் வேணும்ல, அதை நாள் வாடகைக்கு விடறாங்க. மும்பை ஹை கரையில இருந்து சுமாரா 160 கிலோமீட்டர், 1974-ல சாகர் சாம்ராட் ரிக் தோண்டி எண்ணெய் கண்டுபிடிச்சது, 1976-ல உற்பத்தி ஆரம்பிச்சது, அப்ப இருந்து அங்க வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், பெயிண்டர்னு ஆள் போய்க்கிட்டே தான் இருக்காங்க.

பைப் போடற பார்ஜ்ல தம்பிக்கு வேலைன்னா அது எப்படின்னு சொல்றேன், ஏன்னா வெல்டருக்கு அங்க தான் நல்ல மரியாதை. பைப் ஒவ்வொண்ணும் சுமாரா 12 மீட்டர், அதை வரிசையா நிறுத்தி ஸ்டேஷன் ஸ்டேஷனா வெல்ட் பண்ணி, டெஸ்ட் பண்ணி, ஜாயின்ட்டுக்கு கோட்டிங் அடிச்சு, பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்டிங்கர்ங்கற சாய்வான சட்டம் வழியா கடலுக்குள்ள இறக்குவாங்க, ஒரு ஜாயின்ட் முடிஞ்சா பார்ஜ் 12 மீட்டர் முன்னாடி போகணும். என்ஜின் இல்லாம எப்படிப் போகும்? எட்டு ஆங்கர் போட்டிருப்பாங்க, ஒவ்வொண்ணும் டன் கணக்குல வெயிட்டு, முன்னாடி வயர வின்ச்ல இழுத்து பின்னாடி வயர விட்டா பார்ஜ் நகரும். வயர் முடிஞ்சதும் ஆங்கர் ஹேண்ட்லிங் டக் போய் அந்த ஆங்கரத் தூக்கி இன்னும் தள்ளிக் கொண்டுபோய்ப் போடும். கீழ ஏற்கனவே பழைய பைப்லைன் ஓடுது, அது மேல ஆங்கர் விழக் கூடாது, ராத்திரியும் இந்த வேலை நடக்கும், டக்ல இருக்கற சாரங்குக்கும் (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி) டெக்ல நிக்கற பசங்களுக்கும் கண்ணு அசர முடியாத வேலை இது, ஆனா அவங்களப் பத்தி யாரும் பேசறதில்ல.

இப்ப பயத்துக்கு வருவோம். அந்த எட்டு ஆங்கர் இருக்கே, அது சாதாரண காத்துக்கு போதும், புயலுக்குப் போதாது. காத்து ஒரு பக்கமா அடிக்கும்போது லோடு அந்தப் பக்கத்து வயர்ல ஏறும், ஒண்ணு அறுந்தா அதோட பாரம் அடுத்ததுக்குப் போகும், அது அறுந்தா அதுக்கு அடுத்தது, அப்புறம் பார்ஜ் காத்து தள்ற பக்கம் போகும்.

2021 மே மாசம் டவ்தே புயல்ல நடந்தது இது தான். பப்பா 305, பி-305ன்னு சொல்வாங்க, ஆள் தங்கற பார்ஜ், ஓஎன்ஜிசி வேலைக்காக மும்பைக்கு மேற்க நின்னுச்சு, உள்ள 261 பேர். புயல் வருதுன்னு வானிலைத் துறை நாள் கணக்கா முன்னாடியே சொல்லியாச்சு. மத்த பல படகுங்க கரைக்குப் போயிடுச்சு, இது பிளாட்ஃபார்ம விட்டுக் கொஞ்சம் தள்ளி அங்கயே நின்னுடுச்சு. மே 17 விடியறதுக்கு முன்னாடியே ஆங்கர் எல்லாம் போச்சு, ஆள் இல்லாத ஒரு பிளாட்ஃபார்ம்ல போய் மோதி ஓட்டை விழுந்து தண்ணி ஏறி, அன்னைக்கு சாயங்காலம் முங்கிடுச்சு. ராஃப்ட் (உயிர் காக்கற மிதவை) நிறைய வேலை செய்யலன்னு தப்பிச்சவங்க சொன்னாங்க. லைஃப் ஜாக்கெட்ட மட்டும் நம்பிக் குதிச்சு, கூட்டமா கையப் பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா அந்த அலையில கிடந்தாங்க. ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் கொல்கத்தா கப்பலெல்லாம் போய் அந்த கடல்ல ஆளத் தூக்குனாங்க, அது சின்ன வேலை இல்ல. வரப்பிரதான்னு ஒரு டக்கும் அதே புயல்ல போச்சு, அதுல இருந்த 13 பேர்ல 2 பேர் தான் பொழைச்சாங்க. ரெண்டுலயும் சேத்து 86 பேர் போயிட்டாங்க சகோதரி. அந்த பார்ஜ்ல இருந்ததுல பெரும்பாலானவங்க கப்பல்காரங்க இல்ல, உங்க தம்பி மாதிரி வெல்டரும் ஃபிட்டரும் ஹெல்ப்பரும் தான். எனக்கு இன்னும் மனசு ஆறல, ஏன்னா இது தவிர்த்திருக்கக் கூடியது, புயல் சொல்லாம வரல.

ஏன் கரைக்குப் போக யோசிக்கறாங்கன்னு நீங்க கேக்கலாம். அங்க கன்ஸ்ட்ரக்ஷன் சீசன்னு ஒண்ணு உண்டு, மழைக்காலம் முடிஞ்சு அக்டோபர் நவம்பர்ல ஆரம்பிச்சு மே கடைசி வரைக்கும், ஜூன்ல தென்மேற்கு பருவமழை வந்தா பார்ஜெல்லாம் துறைமுகத்துக்குள்ள வந்துடணும். அப்ப மே நடுவுலன்னா, வேலை பாக்கி இருக்கும், நாள் கொஞ்சம் தான் இருக்கும். பார்ஜ கரைக்குக் கொண்டுபோகணும்னா எட்டு ஆங்கரையும் எடுத்து, கட்டி இழுத்து, மணிக்கு நாலஞ்சு நாட்டிக்கல் மைல் வேகத்துல தான் போக முடியும், திரும்பி வந்து மறுபடி போடணும், வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். அரபிக்கடல்ல பருவமழைக்கு முன்னாடி புயல் வர்ற காலமும் அந்த மே ஜூன் தான். இந்த ரெண்டும் ஒண்ணா வர்றப்ப தான் ஆபத்து.

டக் பெருசா இருந்தா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல. 2012 கடைசில அலாஸ்கால ஷெல் கம்பெனியோட குல்லுக்ங்கற ரிக்க ஐவிக்ங்கற புத்தம் புது டக் இழுத்துட்டு போச்சு, டிசம்பர் மாசத்துல, அந்த கடல்ல. இழுக்கற வயர மாட்டியிருக்கற இரும்பு வளையம், ஷேக்கிள்னு சொல்வாங்க, அது போச்சு, மறுநாள் டக்கோட நாலு என்ஜினும் நின்னுச்சு, ரிக்ல இருந்த 18 பேர ஹெலிகாப்டர்ல தூக்குனாங்க, ரிக் டிசம்பர் 31 அன்னைக்கு கரையில ஏறிடுச்சு. ஒரு உயிரும் போகல, ஏன்னா ஆள முன்னாடியே எடுத்துட்டாங்க. அமெரிக்க விசாரணையும் காரணமா சொன்னது, அந்தப் பயணத்தோட ஆபத்த ஒழுங்கா கணக்குப் போடலங்கறதத் தான்.

அதனால தம்பிய போகாதன்னு நான் சொல்லல, அந்த வேலைல பல குடும்பம் நல்லா இருக்கு. சம்பளம் கேக்கறதுக்கு முன்னாடி பார்ஜ் பேர் என்ன, அதுக்கு சொந்த என்ஜின் இருக்கா இல்லையா, இல்லன்னா எந்த டக் கூட நிக்கும், அதோட பொல்லார்ட் புல் எத்தன டன்னு கேளுங்க. பொல்லார்ட் புல்ங்கறது டக்கோட இழுக்கற பலம், ஹார்பர் டக் மாதிரி 40, 50 டன் வச்சுக்கிட்டு முந்நூறு பேர் இருக்கற பார்ஜ மோசமான கடல்ல காப்பாத்த முடியும்னு நான் நம்பமாட்டேன். ராஃப்ட் வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸ் பண்ணணும், அந்தத் தேதி ராஃப்ட் டப்பா மேலயே ஒட்டியிருக்கும், ஏறுன முதல் நாளே தம்பிய அதப் போய்ப் பாக்கச் சொல்லுங்க, அவர் படுக்கற இடத்துல இருந்து ராஃப்டுக்கு இருட்டுல எப்படிப் போறதுன்னு ரெண்டு தடவ நடந்து பாக்கச் சொல்லுங்க. தண்ணில தப்பிக்கற ட்ரெய்னிங் சர்டிபிகேட்ட காசு குடுத்து வாங்கித் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம், அவரே குளத்துல இறங்கி கத்துக்கிட்டு வரட்டும்.

அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கம்பெனி பேர்ல இருக்கணும், இன்சூரன்ஸ் யார் பேர்ல, எவ்வளவுன்னு எழுத்துல இருக்கணும், மே மாசம் எந்தத் தேதிக்குள்ள பார்ஜ் உள்ள வரும்னும் கேளுங்க. அதெல்லாம் ஏறுனப்புறம் தெரியும், முதல்ல பாஸ்போர்ட்டும் காசும் குடுங்கன்னு ஏஜென்ட் சொன்னாருன்னா, அந்த ஏஜென்ட் மூலமா தம்பிய அனுப்பாதீங்க.