கேப்டன் ஜான் பார்க்கரின் குடும்பத்தைத் தேடினால்

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு மிலிஷியா அதிகாரி ஒருவரின் குடும்ப வரலாற்றை எப்படித் தேடுவது என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், அதனால் ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், லெக்சிங்டன் ஊர், கேப்டன் ஜான் பார்க்கர். 1775 ஏப்ரல் 19 அன்று விடிகிற நேரத்தில், சுமார் 77 ஆட்களோடு ஊர்ப் பொதுத்திடலில் பிரிட்டிஷ் படைக்கு எதிரே நின்றவர். அமெரிக்கப் புரட்சிப் போர் அங்கேதான் தொடங்கியது.

கேப்டன் என்றதும் சீருடை, மாதச் சம்பளம், ராணுவக் கோப்பு என்று கற்பனை ஓடும். அதையெல்லாம் மறந்துவிடுங்கள். மிலிஷியா என்பது ஊர்ப்படை. 16 வயதிலிருந்து 60 வயது வரை உள்ள ஆண்கள் தங்கள் சொந்தத் துப்பாக்கியோடு பயிற்சிக்கு வரவேண்டும், அப்புறம் வயலுக்குப் போய்விடுவார்கள். பார்க்கர் பிழைப்புக்குச் செய்தது விவசாயமும் வண்டிச் சக்கர வேலையும். ஆகவே இவரை ராணுவ ஆவணங்களில் மட்டும் தேடினால் கையளவுதான் கிடைக்கும். ஊர்ச்சபைக் குறிப்பு, தேவாலயப் பதிவு, வரிப் பட்டியல், நிலப் பத்திரம், சொத்து வழக்கு என்று எல்லாவற்றையும் புரட்டவேண்டும். ஒரு வசதி உண்டு. ஊர்ப்படையில் பதவி வகித்தவர்களை ஊர்ப் பதிவேடுகளில் பெயருக்கு முன்னால் பட்டத்தோடு எழுதுவார்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் ஊரில் அந்தப் பட்டம்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஒரே பெயரில் பல பேர் என்று சும்மா சொல்லவில்லை. பார்க்கர் குடும்பத்தின் அமெரிக்க மூதாதை தாமஸ் பார்க்கர், 1635இல் கப்பலேறி வந்தவர், ரெடிங் ஊரில் தேவாலய டீக்கனாக இருந்தவர். அவர் மகன் ஹனனையா, அவர் மகன் ஜான். இந்த ஜான்தான் 1712இல் ரெடிங்கை விட்டு, அடுத்த ஆண்டே லெக்சிங்டன் என்று தனி ஊரான இடத்துக்குக் குடிவந்தார். அவர் மகன் ஜோசையா. ஜோசையாவின் மகன் நம் கேப்டன் ஜான், 1729 ஜூலை 13இல் பிறந்தவர். கேப்டனின் மூத்த மகனும் ஜான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை, ஆனால் அவர்கள் அப்பா பெயரையும் மகனுக்கு வைப்பார்கள், தேடுகிறவர் பாடு திண்டாட்டம். இதில் சீனியர், ஜூனியர் என்று வேறு எழுதியிருக்கும். அதைப் பார்த்து அப்பா, மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்ட மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது, உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். தேதியிலும் வில்லங்கம் இருக்கிறது. 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது, அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரை வரும் தேதிகளில் ஆண்டை 1731/32 என்று கோடு போட்டு இரண்டாக எழுதியிருப்பார்கள். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் நகலெடுத்தவர்களின் புண்ணியத்தில், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகப் பல வம்சாவளிகளில் ஏறியிருக்கிறது.

சரி, ஏப்ரல் 19க்கு வருவோம். அன்று திடலில் செத்த எட்டுப் பேரில் ஒருவர் ஜோனஸ் பார்க்கர், கேப்டனின் பங்காளி, வயதில் மூத்தவர். குண்டுகளையும் சிக்கிமுக்கிக் கற்களையும் தொப்பியில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார், அடிபட்டு விழுந்த பிறகும் மறுபடி குண்டு போட முயன்றார், துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள் என்று ஊரில் சொல்லி வந்திருக்கிறார்கள். காயம்பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்ற கறுப்பின அடிமையும் உண்டு. அவருடைய வம்சத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள், பார்க்கருக்கு இருக்கும் காகிதத்தில் கால்வாசி அவருக்குக் கிடையாது.

அன்று கேப்டன் என்ன சொன்னார்? அந்தத் திடலில் இன்றைக்கும் ஒரு பாறை இருக்கிறது. அவர்கள் சுடாமல் சுடாதீர்கள், போர்தான் வேண்டுமென்றால் அது இங்கேயே தொடங்கட்டும் என்ற கருத்தில் அவர் வார்த்தைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் சண்டை முடிந்து ஆறே நாளில், ஏப்ரல் 25 அன்று, பார்க்கரே சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அதில் இந்த வசனம் இல்லை. துருப்புகள் திடீரென்று நெருங்கி வந்ததும் ஆட்களைக் கலைந்து போகச் சொன்னேன், சுட வேண்டாம் என்றேன், நாங்கள் எந்த வம்பும் செய்யாதபோதே சுட்டு எட்டுப் பேரைக் கொன்றார்கள் என்றுதான் இருக்கிறது. பிரிட்டிஷ் படை வருகிறது என்று முந்தின இரவு குதிரையில் வந்து எச்சரித்த பால் ரிவியர் பல ஆண்டு கழித்து எழுதிய கடிதத்தில் மூன்றாவதாக ஒன்று வருகிறது. ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படை நடுவே போனபோது, அவர்களாகத் தொடங்காத வரை தொந்தரவு செய்யாமல் போக விடுங்கள் என்று தலைவர் சொன்னது தன் காதில் விழுந்தது என்கிறார்.

அப்படியானால் பாறையில் இருப்பது எங்கிருந்து வந்தது? குடும்பத்திலிருந்து. கேப்டனின் பேரன் தியோடர் பார்க்கர், அடிமை முறையை எதிர்த்துப் பேர்பெற்ற பாதிரியார், 1858இல் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பான்கிராஃப்டுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வார்த்தைகளைக் கொடுக்கிறார். 1822இல் ஊரில் அந்தச் சண்டையை நடித்துக் காட்டியபோது, கேப்டனின் கீழ் சார்ஜெண்டாக இருந்த கிழவர் வில்லியம் மன்றோ கேப்டன் வேடத்தில் வந்து, இதுதான் அவர் சொன்ன வார்த்தை என்று சொன்னாராம். தியோடர் பிறந்தது 1810இல், தாத்தா செத்து 35 ஆண்டு ஆகிவிட்டது.

பேரன் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வாக்குமூலத்தையும் அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். அந்த வாக்குமூலங்களை அவசரமாகச் சேகரித்ததே வேகமான கப்பலில் லண்டனுக்கு அனுப்பி, முதல் குற்றம் உங்கள் ராணுவத்தினுடையது என்று காட்டத்தான், அரசுத் தரப்புச் செய்திக்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்தும்விட்டது. 1820களிலோ நிலைமை தலைகீழ். முதலில் திருப்பிச் சுட்டது யார் என்று லெக்சிங்டனும் பக்கத்து ஊரான கான்கார்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன, அப்போது வீரம் பேசினால்தான் ஊருக்கு மதிப்பு. என் கணக்கில் வாக்குமூலத்துக்கும் ரிவியருக்கும் எடை அதிகம், ஏனென்றால் தனித்தனியாகச் சொன்ன இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்கின்றன.

குடும்பம் காப்பாற்றி வைத்த பொருள் என்று பார்த்தால் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று கேப்டனுடையது, மற்றது அன்று எதிரியிடமிருந்து பிடித்தது. தியோடர் இரண்டையும் மாநிலத்துக்கு உயில் எழுதி வைத்தார், பாஸ்டனில் மாநில செனட் அவையில் மாட்டியிருக்கிறார்கள். ஆளின் படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. திடலில் 1900இல் வைத்த சிலையைப் பார்க்கர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், அதில் நிற்பவர் கட்டுமஸ்தான இளைஞர். நம் ஆளுக்கு அன்று 45 வயது, காசநோய் அரித்துக்கொண்டிருந்தது. தயவுசெய்து அந்தப் படத்தை யாரும் வம்சாவளியில் ஒட்டாதீர்கள்.

அந்த நோயில்தான் 1775 செப்டம்பர் 17 அன்று இறந்தார். புரட்சிப் போர் வீரர்களுக்கான பெரிய ஓய்வூதியச் சட்டங்கள் 1818இலும் 1832இலும் வந்தன, விதவைகளுக்கு 1836இல். யாருடைய படையில் இருந்தேன், எங்கே நின்றேன், எப்போது கல்யாணம் என்று விண்ணப்பத்தில் சொல்லியாகவேண்டும், குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய தாளைக் கிழித்து இணைத்தவர்கள்கூட உண்டு. பார்க்கருக்கு அந்தக் கோப்பு கிடையாது. ஆகவே அவரை விட்டு, அவரோடு நின்று நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் கோப்புகளைத் திறக்கவேண்டும்.

இன்னொரு வழி மனைவி. லிடியா மூர், 1755இல் கல்யாணம், ஏழு பிள்ளைகள். கேப்டன் இறந்தபோது மூத்த மகன் ஜானுக்கு 14 வயது. மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் அந்தக் காலத்தில் குடும்பத் தலைவர் செத்தால் நீதிமன்றம் ஆளனுப்பிச் சொத்துப் பட்டியல் எடுக்கும், விதவைக்கு மூன்றில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கும். வீட்டையே பங்கு போடுவார்கள். எந்த அறை, எந்தப் படிக்கட்டு, கிணற்றுக்கு எந்த வழி என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மகன் ஜான் அந்தப் பண்ணையிலேயே இருந்து 11 பிள்ளைகள் பெற்றார், கடைக்குட்டிதான் தியோடர். தியோடருக்குப் பிள்ளை இல்லை, அதனால் இன்றைக்கு வாரிசு என்று யாராவது சொன்னால் அவர் வழியில் தேடாதீர்கள். அவருடைய அண்ணன்மார், அக்காமார் வழியாகவோ கேப்டனின் மற்ற ஆறு பிள்ளைகள் வழியாகவோதான் தேடவேண்டும். அதில் பெண்கள் வேறு குடும்பப் பெயருக்குப் போய்விடுவதால், தேடல் அங்கேதான் பெரும்பாலும் நின்றுபோகிறது.