மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும்

நேயர்களுக்கு வணக்கம். சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை, என்ற சொல் இப்போது எல்லா மேடைகளிலும் அடிபடுகிறது. அதைக் கேட்டதும் பலருக்கு மறுசுழற்சி ஆலைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆலைக்காரர் கையில் இருப்பது பாதிதான். ஒரு பொருள் திரும்பப் பயன்படுமா, வீணாகுமா என்பது பெரும்பாலும் வடிவமைப்பாளரின் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. சாதாரணத் தண்ணீர் பாட்டிலை வைத்தே பார்ப்போம்.

பாட்டிலின் உடல் பெட் என்ற பிளாஸ்டிக். மூடியும் கழுத்து வளையமும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்புநீர் கலந்த தண்ணீரில் அமுக்கி விட்டுப் பாருங்கள். சோப்பு எதற்கென்றால், இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசை சின்னத் துண்டுகளைத் தாங்கிக்கொள்ளும். மூடி மேலே வந்துவிடும், பாட்டில் அடியில் போய் உட்காரும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பெட்டின் அடர்த்தி 1.38 அளவில், மூடியினுடையது 1-க்குக் கீழே. ஆலையிலும் இதே வித்தைதான். பாட்டிலை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சில்லுகளாக நறுக்கித் தொட்டியில் விட்டால் தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடும்.

சிக்கல் பிவிசி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில். அதன் அடர்த்தியும் பெட்டை ஒட்டியே இருப்பதால் அதுவும் மூழ்கும். பாட்டில் முழுவதையும் இறுக்கிச் சுற்றும் உறை லேபிள் சில இடங்களில் பிவிசியால் ஆனது. பெட் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அமிலம் பெட்டைக் கெடுக்கும், பொருள் மஞ்சளாகும், கருப்புப் புள்ளிகள் விழும். மிகச் சிறிய அளவு கலந்தாலே போதும், அந்தத் தொகுதி முழுவதும் மீண்டும் பாட்டில் செய்யும் தரத்திலிருந்து இறங்கிவிடும். தவிர, முழு உறை இருந்தால் அகச்சிவப்புக் கதிரால் தரம் பிரிக்கும் இயந்திரம் உறையைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் பெட்டை அல்ல.

அடுத்தது லேபிளை ஒட்டும் பசை. சில்லுகளைக் காஸ்டிக் சோடா கலந்த 80 டிகிரி வெந்நீரில் கழுவுவார்கள். அதில் கரையாத பசை சில்லிலேயே ஒட்டிக்கொண்டு, உருக்கும்போது கருகும். காஸ்டிக்கை நன்றாக அலசி எடுக்காவிட்டாலும் கேடுதான். பிறகு உலர்த்தல்: சுமார் 160 டிகிரி வறண்ட காற்றில் 4 முதல் 6 மணி நேரம். ஈரம் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே போக வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு உருக்கினால், தண்ணீர் பெட்டின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அப்புறம் அது பாட்டிலாக ஊதத் தாங்காது, நூலுக்குத்தான் போகும். சாயம் போட்ட பாட்டிலின் கதியும் அதுவே. நிறத்தைக் கழுவி எடுக்க முடியாது.

உலோகம் என்றால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். அலுமினியம் நல்ல பிள்ளை: தாதுவிலிருந்து எடுக்கும் மின்சாரச் செலவோடு ஒப்பிட்டால் பழையதை உருக்க ஏறத்தாழ 5 சதவீத ஆற்றல் போதும். எஃகு அப்படியல்ல. மோட்டாரும் வயரும் கழற்றப்படாமல் நொறுக்கிய வாகனத்தில் செம்பு கலந்துவிடும். செம்பைவிட இரும்பு எளிதில் ஆக்சிஜனோடு சேர்வதால், உருகிய எஃகிலிருந்து ஆக்சிஜன் ஊதிச் செம்பை எரித்து வெளியேற்ற வழியில்லை. அந்த எஃகைச் சூடாக்கி உருட்டும்போது மேற்பரப்பு இரும்பு துருவாகி உதிர, மிஞ்சிய செம்பு திரண்டு, 1,085 டிகிரியில் உருகி, படிக இடுக்குகளில் நுழைந்து விரிசலாக்கும். வயரை எளிதில் உருவி எடுக்கும்படி வாகனத்தை அமைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பேட்டரியைப் பசையால் ஒட்டிய கைபேசிக்கும் இதே கணக்குத்தான். திருகாணி போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒட்டியிருந்தால் சூடுகாட்டி நெம்ப வேண்டும், பேட்டரி வளைந்து கிழிந்தால் தீப்பற்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை இதைத்தான் தொடுகிறது. சிறு சாதனங்களின் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது.

பாட்டிலுக்கே திரும்புகிறேன். மூடியைக் கழற்றிப் போடவா என்று பலர் கேட்பார்கள். உங்கள் பகுதியில் சேகரிப்பவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு மூடியைத் திருகியே போடுங்கள். தனி மூடி சல்லடையில் விழுந்து குப்பையோடு போய்விடும். பாட்டிலோடு வந்தால் தொட்டியில் தானே மிதந்து வரும்.