புதிய நிரலுக்கு டைப் உள்ள மொழியே

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பழைய ஸ்கிரிப்டிங் மொழியா, டைப் உள்ள நவீன மொழியா என்பது தலைப்பு. டைப் என்றால் ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்ற வகை; டைப் உள்ள மொழி அதை நிரல் ஓடும் முன்பே சரிபார்க்கும். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பெர்ல் என்ற ஸ்கிரிப்டிங் மொழியைத் தூக்கிப் பிடித்தார். "1987-இல் லாரி வால் கொடுத்த மொழி இன்றும் ஓடுகிறது, நிரலை முதலில் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலருக்குக் காத்திருக்க வேண்டாம், நினைத்ததை உடனே எழுதலாம்" என்றார். உண்மைதான். நிரல் தன் நடப்பைப் பதிந்துவைக்கும் ஒரு லாக் கோப்பைப் பிரித்து நாலு வரி எடுக்க வேண்டுமென்றால் நானும் பெர்லைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடுகிற நிரலுக்கா இத்தனை வாதம்? பல பேர் கை பட்டு, எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஓட வேண்டிய நிரலுக்குத்தானே!

பெர்லையே எடுத்துக்கொள்வோம். ஆர்டர் விவரங்களை ஒரு ஹாஷில், அதாவது கீ என்ற பெயரும் அதற்கான மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் பட்டியலில், வைத்திருக்கிறீர்கள். தொகையைக் கூட்டும் வரியில் 'அமவுண்ட்' என்ற கீயின் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து விட்டுப்போகிறது. மேலே கண்டிப்பாகச் சரிபார்க்கச் சொல்லும் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' வரி இருக்கிறது. சரி, அது மாறியின் பெயர் தப்பினால் பிடிக்கும். ஹாஷ் கீயைக் கண்டுகொள்ளாது. இல்லாத கீயைக் கேட்டால் கிடைப்பது 'அன்டெஃப்', அதாவது மதிப்பே இல்லை என்ற பதில். கூட்டலில் அது பூஜ்ஜியம். நிரல் நிற்காது. வார்னிங்கைப் போட்டிருந்தால் லாகில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். யாராவது அதைப் பார்க்கும்வரை மொத்தத் தொகை தப்பாகவே போய்க்கொண்டிருக்கும். இதே பிழையை டைப் உள்ள கோ மொழியில், ஃபீல்டுகளின் பெயர்களை முன்பே அறிவித்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்டில் செய்து பாருங்கள். கம்பைலே ஆகாது. எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொல்லி நிறுத்திவிடும்.

"நிரலை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் எழுதினால் போதுமே" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். எழுதத்தான் வேண்டும், நாங்களும் எழுதுகிறோம். கணக்குப் போடும் முறையே தப்பாக இருந்தால் டைப் பிடிக்காது, டெஸ்ட்தான் பிடிக்கும். ஆனால் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றுகிறோம்; அதைத் தொடும் அத்தனை இடத்துக்கும் டெஸ்ட் இருக்கிறதென்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? கம்பைலர் அத்தனை இடத்தையும் வரிசையாகக் காட்டும். அந்த உத்தரவாதம் இல்லாததால்தான் பல அணிகளில் "அந்தக் கோப்பை மட்டும் தொட்டுவிடாதே" என்று புதிதாக வருபவரிடம் சொல்லி வைக்கிறார்கள். தொடவே பயப்படும் நிரலை எப்படி வளர்ப்பது?

அப்புறம், எங்களுக்கு சாட்சி எதிரணிப் பக்கமே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி மூன்றும் ஸ்கிரிப்டிங் மொழிகள்தான். 2012-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு மேல் டைப்பைச் சேர்த்து டைப்ஸ்கிரிப்ட் வந்தது. 2015-இல் பைத்தான் 3.5, டைப்பை நிரலிலேயே குறித்துவைக்கும் டைப் ஹின்ட்டுக்கு இடம் கொடுத்தது. அதே வருடம் பிஎச்பி 7, ஃபங்ஷனுக்குப் போகும் மதிப்பு முழு எண்ணா எழுத்துத் தொடரா என்று அறிவிக்க வழி செய்தது. டைப் தேவையில்லை என்றால் அந்த மொழிகளை வளர்த்தவர்கள் ஏன் அதைத் தேடிப் போனார்கள்?

ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலை மொத்தமாக மாற்றி எழுதச் சொல்லவில்லை. அது ஓடட்டும். அதன் பக்கத்தில் நாளை தொடங்கப்போகும் சர்வீஸின் முதல் கோப்பை எந்த மொழியில் எழுதுவது? அதற்குத்தான் எங்கள் அணி தீர்ப்புக் கேட்கிறது, நடுவர் அவர்களே.