சைலீசியா: துணியும் நெசவாளிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய காலத்துக் கோட்டு ஒன்று கையில் கிடைத்தால், அதன் சட்டைப்பையை வெளியே இழுத்துப் பாருங்கள். சாய்வான மெல்லிய வரி ஓடும், மினுக்கு ஏற்றிய வழவழப்பான பருத்தித் துணி பல கோட்டுகளில் இருக்கும். சைலீசியா என்பது அதன் பெயர். லைனிங்குக்கென்றே நெய்தது. கை உள்ளே சிக்காமல் வழுக்கிப் போகும். சில்லறைக் கனத்துக்கும் சீக்கிரம் கிழியாது.

சைலீசியா ஒரு நிலப்பகுதியும்கூட. ஓடர் ஆறு பாயும் அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று தென்மேற்குப் போலந்தில் இருக்கிறது. மிச்சம் செக் நாட்டிலும் ஜெர்மனியிலும். 18ஆம் நூற்றாண்டில் அங்கே நெய்த ஆளி நார்த் துணி, அதாவது லினன், ஹாம்பர்க் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து போனது. அப்புறம் பருத்தித் துணிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நான் முக்கியமாகப் பேச வந்தது அந்த ஊர் நெசவாளிகளைப் பற்றி. முதலாளி நூல் கொடுப்பார். குடும்பமே வீட்டுத் தறியில் நெய்து கொண்டுபோய்க் கொடுக்கும். குறை சொல்லிக் கூலியைப் பிடிப்பார்கள். கூலிக்கு நெய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் இயந்திரத் துணி சந்தையை நிறைத்ததும் கூலி இன்னும் இறங்கியது.

1844 ஜூன் 4 அன்று பீட்டர்ஸ்வால்டாவ் என்ற ஊரில், ஸ்வான்ஸிகர் என்ற பருத்தி முதலாளியின் வீட்டை நெசவாளிகள் சூறையாடினார்கள். கணக்குப் புத்தகங்களைக் கிழித்தார்கள். சிலர் தீ வைக்கலாம் என்றபோது, காப்பீட்டுப் பணம் வந்துவிடும், வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்ததாக அந்த ஆண்டே எழுதிய பதிவு சொல்கிறது. ஓரளவு நியாயமாக நடந்துகொண்ட இன்னொரு முதலாளியின் வீட்டை அவர்கள் தொடவில்லை. கண்மூடித்தனமான கலவரம் என்று இதை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. மறுநாள் பக்கத்து ஊரான லாங்கன்பீலாவில், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசின் படை சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். பிடிபட்ட பலருக்குச் சிறையும் சவுக்கடியும் கிடைத்தன.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியர் அவர்களை ஆறு அச்சுப்படங்களில் வரைந்தார். முதல் படத்தில் தறி நிற்கும் அறையிலேயே நோயுற்ற குழந்தை. பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு தாய். 1898இல் பெர்லின் கலைக் கண்காட்சியின் நடுவர்கள் இவற்றுக்குப் பதக்கம் பரிந்துரைத்தார்கள். ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். இணையத்தில் கிடைக்கும் அந்த ஆறையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.