ஒலக்கை நெழலும் பல் எக்ஸ்ரேயும்

வணக்கம் நேயர்களே. நான் காரைக்குடியில பல் டாக்டரா இருக்கேன், அதோட பல் மருத்துவம் படிக்கிற பசங்களுக்கும் கிளினிக் அசிஸ்டன்ட் பொண்ணுங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் குடுக்குறேன். "பட்டன அமுக்குனா படம் வருது, இதுல என்ன சார் ட்ரெயினிங்"னு கேக்காத ஆளே இல்ல.

மொத நாளு மிஷின் பக்கமே விடமாட்டேன். எங்க சொந்தக்காரங்க வீடு ஒண்ணு கானாடுகாத்தான்ல இருக்கு, அங்க கூட்டிட்டுப் போயி, வளவுல வத்தல் காயப்போடுற எடத்துல ஒரு ஒலக்கைய நிமித்தி வச்சிருவேன். காலைல எட்டு மணிக்கு நெழலு ஒலக்கையவிட நீளமா கெடக்கும், உச்சி வெயில்ல காலடியில சுருங்கிரும், ஒலக்கை என்னவோ அதே ஒலக்கைதான். பல்லும் அப்படித்தாங்க. கதிர் வர்ற ட்யூபத் தாழ்த்திட்டா வேரு நீண்டு தெரியும், ரொம்ப ஒசத்திச் சாய்ச்சிட்டா குட்டையாயிரும், நீண்டு தெரியுறத நம்பி ரூட் கேனால் பண்ணா ஊசி வேரத் தாண்டி எலும்புக்குள்ள போயிரும். மேல் அண்ணம் வளைவா இருக்குறதால வாய்க்குள்ள வைக்கிற ஃபிலிமு பல்லோட ஒட்டி நிக்காது, அதனால பல்லுக்கும் ஃபிலிமுக்கும் சரியா நடுவுல ஒரு கோட்ட மனசுல போட்டுக்கிட்டு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா ட்யூப வைக்கணும். மேல் முன்பல்லுக்கு 40லருந்து 50 டிகிரி வரும், மேல் கடவாய்க்கு 20லருந்து 30. ஃபிலிமப் புடிச்சு நிறுத்துற ஹோல்டர் இருந்தா இந்தக் கணக்கெல்லாம் பாதி கொறைஞ்சிரும், ஆனா ஹோல்டர் வாய்க்குள்ள போகாத ஆளும் வருவாங்கல்ல.

அப்புறம் அந்த பர்மாத் தேக்குத் தூணுங்க. நேரா நின்னு பாத்தா தூணுக்குத் தூணு எடவெளி தெரியும், ஓரமாப் போயி நின்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். பல்லு இடுக்குல சொத்தை பாக்க எடுத்த படத்துல பல்லெல்லாம் ஏறிக் கெடந்தா, சொத்தைய எங்க தேடுறது? திரும்ப எடுக்கணும். திரும்ப எடுத்தா பேஷண்டுக்கு திரும்பக் கதிரு. நான் பாத்தவரைக்கும் ரிப்பீட் வர்றது மிஷினால இல்ல, அவசரத்தாலதான்.

விரலு விஷயத்துல மட்டும் நான் கறாரு. நான் மொதல்ல வேலை பாத்த எடத்துல ஒரு அசிஸ்டன்ட் அக்கா குழந்தைங்க வாயில ஃபிலிமத் தானே புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, டாக்டரும் சரிம்பாரு, எனக்கும் அப்ப வாயத் தொறக்கத் தைரியம் இல்ல. 1896லயே அமெரிக்காவுல பல் எக்ஸ்ரே எடுக்க ஆரம்பிச்சவரு எட்மண்ட் கெல்ஸ். மிஷின செட் பண்ண தன் கையத்தான் குறுக்க காட்டுவாராம், விரல் விரலா எடுத்து கடைசில கையே போச்சு. அந்தக் காலத்து மிஷினு வேறதான், இப்ப செகண்டுல ஒரு பங்குதான் கதிரு. ஆனா பேஷண்டுக்கு ஒரு படம், எடுக்குறவளுக்கு வருசம் பூரா படம். குழந்தைன்னா அம்மாவுக்கு ஈய ஏப்ரனப் போட்டு அவங்களப் புடிக்கச் சொல்லு, நீ ஆறடி தள்ளி நில்லு.

போன மாசம் ஒரு ஆச்சி, வைர மூக்குத்தி. எங்கிட்டப் படிக்கிற பையன் அதக் கழட்டச் சொல்லாம மேல் கோரப்பல்ல எடுத்துட்டான், வேருக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு உருண்டை. "சார், உள்ள புதுசா ஒரு பல்லு மொளைக்குது"ங்கிறான். ஆச்சியோ "அறுவது வருசமா கழட்டுனதில்லப்பா, திருகு இறுகிப்போச்சு"ன்னு உக்காந்துட்டாங்க. எங்க அசிஸ்டன்ட் பொண்ணு, தேவகோட்டைப் பக்கம், பன்னண்டாவதுதான் படிச்சிருக்கா, ஒரு சொட்டு தேங்காயெண்ணெயத் தொட்டு வச்சு மெல்லத் திருகி எடுத்துட்டா, எடுத்தத ஆச்சி கையிலயே குடுத்து முந்தானையில முடியச் சொன்னா. அடுத்து கடவாய்க்கு, ஃபிலிமுக்குப் பதிலா வைக்கிற சென்சார வச்சா ஆச்சிக்கு ஓங்கரிக்குது. "மூக்கால மூச்சு விடுங்க ஆச்சி, ரெண்டு கால் கட்டைவெரலையும் மாத்தி மாத்தி ஆட்டுங்க, எனக்குத் தெரியணும்"னா. ஆச்சியும் காலையே பாத்துக்கிட்டு சிரத்தையா ஆட்டுறாங்க, இவ வெளிய வந்து பட்டன அமுக்கிட்டு உள்ள போயி சென்சார எடுத்துட்டா.

"இன்னும் ஆட்டணுமாத்தா?"ங்கிறாங்க ஆச்சி.